பாசிப்பச்சை வட்டம்

காய்ச்சல் வார்டுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு சண்டை உண்டு. காலையில் வலது கையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருப்பார் நர்ஸ். சற்று நேரம் கழித்து ட்ரேயோடு திரும்பி வருவார். இந்த முறை இடது கை. மத்தியானம் இன்னொரு தடவை. கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குப் பொறுக்காது. “காலையிலதானே எடுத்தீங்க சிஸ்டர்? ஏற்கெனவே ரத்தம் கம்மின்னு சொல்றீங்க. இருக்கிறதையும் உறிஞ்சிட்டா அவர் எப்படித் தேறுவார்?” நர்ஸுக்கு விளக்க நேரமிருக்காது. “கல்ச்சருக்கும்மா. டாக்டர் மூணு செட் எழுதியிருக்கார்” என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் பிரிப்பார்.

அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், எதற்கு மூன்று முறை? பதில் தேடிப் போனால் வடஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் கொண்டுபோய் விடுகிறது. வழியில் சாக்ஸனி மாநிலத்து வீடு ஒன்றின் சமையலறையிலும், நம்மூர் ராமேஸ்வரம் கடலிலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போக முடியும்.

முதலில் நோய். இதயத்துக்குள் நான்கு வால்வுகள். ரத்தம் ஒரே திசையில் போகவேண்டும் என்பதற்காக ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடும் மெல்லிய இதழ்கள் அவை. அந்த இதழ்களில் கிருமி குடியேறுவதை எண்டோகார்டைட்டிஸ் என்கிறார்கள். கிருமிகளும் தட்டணுக்களும் உறைந்த ரத்தத்தின் நார்களும் சேர்ந்து இதழின் விளிம்பில் திட்டுத் திட்டாகப் படியும். 1806-இல் பாரிஸ் மருத்துவர் கோர்விஸார் இதற்கு ‘வெஜிடேஷன்’, அதாவது செடி முளைத்த மாதிரி, என்று பெயர் வைத்தார். குளத்துப் படிக்கட்டைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பாசி பிடிப்பது என்று சொன்னால் இன்னும் சரியாக விளங்கும்.

இந்தப் பாசி வால்வை அரித்து ஓட்டை போடும். மூடாத கதவு வழியே ரத்தம் பின்னோக்கிப் பாயும்; இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வால்வின் அடித்தளத்தில் சீழ்க்கட்டி உருவாகி இதயத்தின் மின் இணைப்பைத் துண்டித்தால் துடிப்பே தடுமாறும். பாசியின் ஒரு துணுக்கு உடைந்து ரத்தத்தோடு போனாலோ, மூளையில் அடைத்தால் பக்கவாதம், மண்ணீரலில் அடைத்தால் விலா ஓரம் பொறுக்க முடியாத வலி, காலில் அடைத்தால் கால் சில்லிட்டுவிடும். அதுவரை நோயாளிக்கு வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரு மாதமாக விட்டுவிட்டு அடிக்கும் காய்ச்சல் மட்டும்தான்.

இந்த நோய் எப்படி உண்டாகிறது என்பதை ஓரளவு அவிழ்த்தவர்களும் ஜெர்மானியர்களே. ரத்தக்கட்டி ஓரிடத்தில் உண்டாகி வேறிடத்தில் போய் அடைக்கும் என்று காட்டி, அதற்கு எம்போலிஸம் என்று 1848-இல் பெயர் கொடுத்தவர் ருடால்ஃப் ஃபிர்கோ. 1878-இல், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில், ஓட்டோமார் ரோஸன்பாக் முயலின் கழுத்துத் தமனி வழியாக மெல்லிய கம்பியை விட்டு வால்வைக் காயப்படுத்திப் பார்த்தார். 1880-களின் நடுவில் கட்டிங்கன் நகரில் யோஹானஸ் ஓர்த்தும், அவரிடம் வந்து சேர்ந்த விஸ்ஸொகோவிச் என்ற ரஷ்யரும் சோதனையை இன்னும் கூர்மையாக்கினார்கள். முயலின் ரத்தத்தில் கிருமியை மட்டும் விட்டார்கள். வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. வால்வை மட்டும் காயப்படுத்தினார்கள்; அப்போதும் நோய் வரவில்லை. காயப்படுத்திவிட்டுக் கிருமியை விட்டதும் பாசி பிடித்தது. பழுதான வால்வு ஒன்று, ரத்தத்தில் கிருமி ஒன்று, இரண்டும் சந்திக்க வேண்டும். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப்போனவர்கள் நிறைந்த இந்தியாவில், இந்த முயல்களின் பாடம் இன்னும் பழையதாகிவிடவில்லை.

ஆனால் இதிலெல்லாம் ஒரு குறை. மனிதர்களைப் பொறுத்தவரை பாசியைக் கண்ணால் பார்த்த அத்தனை பேரும் பிணவறையில்தான் பார்த்தார்கள். உயிரோடு படுத்திருக்கும் காய்ச்சல்காரருக்கு டைபாய்டா, காசமா, மலேரியாவா, வால்வில் கிருமியா என்று சொல்ல வழியில்லை. ரத்தத்தை ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் தெரியாதா என்றால், தெரியாது. வால்விலிருந்து உதிரும் கிருமிகள் ஒரு மில்லி ரத்தத்தில் பெரும்பாலும் நூறுக்கும் குறைவுதான். கோடிக்கணக்கான சிவப்பணுக்களுக்கு நடுவே அவற்றைத் தேடுவது வைக்கோற்போரில் எள்ளைத் தேடுவதுதான்.

எள்ளைத் தேட முடியாது. ஆனால் விதைத்துவிட்டுக் காத்திருந்தால் முளைவிட்டதும் தானாகத் தெரியும். அதற்கு ஒரு நாற்றங்கால் வேண்டும்.

நாற்றங்கால் தயாரிப்பில் பெர்லினில் கிருமியியலாளர் ராபர்ட் கோஹ் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேகவைத்த உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி அதன்மேல் கிருமி வளர்த்தார். பிறகு இறைச்சிச் சாற்றில் ஜெலட்டின் கலந்து உறையவைத்தார். கெட்டியான பரப்பில் ஒவ்வொரு கிருமியும் விழுந்த இடத்திலேயே பெருகித் தனித்தனிப் புள்ளியாக நிற்கும். திரவமாக இருந்தால் எல்லாம் கலந்துவிடும். யோசனை பிரமாதம். ஆனால் நோய்க்கிருமிகளுக்கு மனித உடம்பின் சூடு வேண்டும், 37 டிகிரி. அந்தச் சூட்டில் ஜெலட்டின் உருகி ஓடியது. சில கிருமிகளோ ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கின.

கோஹின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்ற சாக்ஸனி மருத்துவருக்கும் இதே தலைவலி. காற்றில் உள்ள கிருமிகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கோடை வந்ததும் அவருடைய ஜெலட்டின் எல்லாம் கூழானது. மனைவி ஃபானி அஞ்சலினா ஹெஸ்ஸே, வீட்டில் லீனா, கணவரின் ஆய்வுகளுக்குப் படம் வரைந்து கொடுப்பவர், கூடவே நல்ல சமையல்காரி. உன் ஜெல்லி மட்டும் இந்த வெயிலில் எப்படி உருகாமல் நிற்கிறது என்று ஹெஸ்ஸே கேட்டார். அகர் போடுகிறேன் என்றார் லீனா. அமெரிக்காவில் அவர் வளர்ந்த காலத்தில், ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சுக்காரர் ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்ட கைப்பக்குவம் அது.

கடற்பாசியைக் காய்ச்சி எடுக்கும் அகர் விசித்திரமான பொருள். சுமார் 85 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். உருகியதை ஆறவைத்தால் 40 டிகிரிக்கு அருகில் வந்த பிறகுதான் உறையும். 37 டிகிரியில் கல்போல் நிற்கும். பெரும்பாலான கிருமிகளுக்கு அதைத் தின்னவும் தெரியாது. 1881-இல் ஹெஸ்ஸே இதைக் கோஹிடம் சொன்னார். 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது கோஹ் அகரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டார். யார் சொன்னது என்று எழுதவில்லை. அகரைக் கொட்டி வைக்க மூடியோடு கூடிய வட்டக் கண்ணாடித் தட்டை 1887-இல் வடிவமைத்த கோஹின் உதவியாளர் ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரியின் பெயர் உலகெங்கும் பள்ளிக்கூடங்களில்கூட ஒலிக்கிறது. தட்டுக்குப் பெயர் கிடைத்தது. தட்டில் இருப்பதற்குக் கிடைக்கவில்லை. லீனா 1934-இல் காலமானார். ஐந்து ஆண்டு கழித்து அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், இதை இனியாவது ‘ஹெஸ்ஸே அம்மையாரின் ஊடகம்’ என்று அழைப்போம் என்று எழுதிப் பார்த்தார்கள். யாரும் அழைக்கவில்லை.

அந்த அகர் நமக்கொன்றும் அந்நியமானதல்ல. மளிகைக்கடையில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டால் வெள்ளை நூற்கற்றையாகக் கொடுப்பார்களே, அதுதான். நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, துண்டு போட்டு இஃப்தாருக்கு வைக்கும் ‘கடல்பாசி’யும் அதுதான். பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பிய்த்தெடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் இருப்பது இந்தச் சரக்கே. மதுரையைச் சுற்றி அதைக் காய்ச்சும் ஆலைகள் இருக்கின்றன. மரிக்கொழுந்துப் பாசி ஆய்வகத் தரத்துக்கு அகர் தரக்கூடியது. விரல் கிழிய அதைப் பறிக்கும் பெண்களிடம், இதில்தான் உலகம் நோய்க்கிருமி வளர்க்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

நாற்றங்கால் தயார். இனி ஹாம்பர்க்.

1892 கோடையின் முடிவில் அந்த நகரத்தைக் காலரா தாக்கியது. எல்ப் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டதன் விளைவு. சில வாரங்களில் சுமார் 8,600 பேர் மாண்டார்கள். மணல் வடிகட்டி வைத்திருந்த பக்கத்து ஊர் அல்டோனா பெருமளவு தப்பித்தது. கோஹ் நேரில் வந்து பார்த்தார். இதற்குப் பிறகு ஹாம்பர்க்கில் கிருமியியல் என்பது பேராசிரியர்களின் விளையாட்டாக இல்லை. மாநகராட்சியின் அன்றாடக் கவலை ஆனது. 1889-இல் திறக்கப்பட்ட எப்பென்டார்ஃப் மருத்துவமனை நகரின் பெருமை. (நம்மூர் ஆய்வகங்களில் ‘எப்பென்டார்ஃப் டியூப்’ என்று கேட்டு வாங்கும் குட்டிப் பிளாஸ்டிக் குழாய்க்கு அந்தப் பெயர் வந்ததும் இந்த இடத்திலிருந்துதான், அந்த நிறுவனம் 1945-இல் மருத்துவமனை வளாகத்திலேயே தொடங்கியது.)

ஹாம்பர்க்கின் பெரிய மருத்துவர் ஹெர்மன் லென்ஹார்ட்ஸ். காய்ச்சல் நோயாளி என்றால் படுக்கையருகே போய் ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்ப்பதை வழக்கமாக்கியவர்களில் ஒருவர். அவரிடம் வேலை பார்த்தவர் ஹூகோ ஷாட்முல்லர், 1867-இல் பெர்லினுக்குத் தெற்கே டிரெபின் என்ற சிற்றூரில் பிறந்தவர். டைபாய்டு என்று நினைத்த சிலரின் ரத்தத்தில் டைபாய்டு போலவே இருந்தும் அதுவல்லாத இன்னொரு கிருமியைக் கண்டு, பாராடைபாய்டு என்ற நோயைப் பிரித்துக் காட்டியது இவர் 1900-ஐ ஒட்டிச் செய்த வேலை. பிரித்துப் பார்ப்பதில் பிறவிக் கெட்டிக்காரர் போலிருக்கிறது.

அவர் செய்த முறை எளிமையானது. நோயாளியின் கைநாளத்திலிருந்து சிரிஞ்சு நிறைய ரத்தம் எடுப்பது. உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட அகரில் அந்த ரத்தத்தைக் கலப்பது. பெட்ரி தட்டில் ஊற்றி, உறையவிட்டு, உடல்சூட்டில் வைத்துக் காத்திருப்பது. சில நாளில் சிவந்த தட்டுக்குள் கடுகைவிடச் சிறிய புள்ளிகள் தோன்றும். எத்தனை புள்ளியோ, ஏறக்குறைய அத்தனை கிருமி அந்த ரத்தத்தில் இருந்தது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

இதில் ரத்தம் இரண்டு வேலை பார்த்தது. ஒன்று, கிருமியைச் சுமந்துவந்தது. இன்னொன்றை ஷாட்முல்லரின் கண்தான் கவனித்தது. புள்ளியைச் சுற்றியிருந்த ரத்தம் நிறம் மாறியது. அதுவும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மாறவில்லை. அதுவரை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை, நுண்ணோக்கியில் தெரியும் சங்கிலி நீளமா குட்டையா என்று பார்த்து வகை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் எத்தனை பூ என்று எண்ணி மல்லியா முல்லையா என்று சொல்வது போன்ற காரியம். ஷாட்முல்லரின் தட்டில், தோலைச் சிவக்கவைத்துப் பரவும் எரிசிப்பலாஸ் நோயின் கிருமி, தன்னைச் சுற்றியிருந்த சிவப்பணுக்களை உடைத்துக் கண்ணாடிபோலத் தெளிந்த வட்டம் போட்டது. இன்னொரு சாதுவான வகை, அணுக்களை உடைக்காமல் சுற்றிலும் பச்சை வட்டம் போட்டது. அந்தக் கிருமி வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு ரத்தத்தின் சிவப்புப் பொருளை மாற்றிவிடுவதால் வரும் நிறம் அது என்பது பின்னாளில் தெரிந்தது. 1903-இல் மூனிச் மருத்துவ வார இதழில் இதை எழுதினார். பச்சைக்காரனுக்கு அவர் வைத்த லத்தீன் பெயரில் ‘மிட்டியர்’ என்றால் சாந்தமானது, ‘விரிடன்ஸ்’ என்றால் பச்சையாவது. நிறப்பெயர் நிலைத்துவிட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விரிடன்ஸ்.

கடற்பாசியில் உறையவைத்த ரத்தத்தில், வால்வில் பிடித்த பாசி, பாசி நிறத்திலேயே முளைத்தது. தமிழில் இதைச் சொல்லும்போது தானாக அமைந்துவிடும் இந்த ஒற்றுமை ஷாட்முல்லருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

சாந்தமானது என்ற பெயர் எவ்வளவு பெரிய ஏமாற்று என்று அவருக்கே விரைவில் புரிந்தது. பச்சை வட்டக் கிருமி ரத்தத்தில் அகப்பட்ட நோயாளிகள் எல்லாரும் ஒரே சாயலில் இருந்தார்கள். எப்போது தொடங்கியது என்று அவர்களால் சொல்ல முடியாத காய்ச்சல், வெளிறிப்போன முகம், வீங்கிய மண்ணீரல், ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சல். எழுந்து நடமாடுவார்கள், வேலைக்குக்கூடப் போவார்கள், பல மாதம் கழித்து இறப்பார்கள். வேகமாகக் கொல்லும் வால்வு நோயை உலகம் அறிந்திருந்தது. இது வேறு. 1910-இல் இதற்கு ‘எண்டோகார்டைட்டிஸ் லென்டா’ என்று அவர் பெயர் சூட்டினார். லென்டா என்றால் மெதுவானது. அதே ஆண்டு நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் இமானுவேல் லிப்மன் தன் சகாவோடு சேர்ந்து இதே நோய்க்கு இதே கிருமியைச் சுயேச்சையாகக் கண்டு வெளியிட்டார்.

சோதனை பிறந்துவிட்டது. பிறந்தபோது அதனால் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் இடம் இதுதான். நோயின் பெயரைச் சந்தேகமில்லாமல் சொல்ல முடியும். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. பச்சை வட்டம் என்பது தேதி மட்டும் குறிக்கப்படாத மரணச் செய்தி. அப்படியானால் எதற்காக அந்தத் தட்டை ஊற்றினார்கள்? இந்தக் கேள்வியோடு ஒரு மனிதரின் ஓட்டல் அறைக்குப் போகலாம்.

குஸ்தாவ் மாலர் 1891 முதல் 1897 வரை ஹாம்பர்க் நகர அரங்கின் தலைமை இசை நடத்துநர். 1892 காலராவின்போது விடுமுறையில் இருந்தவர், பயந்து தாமதமாகத்தான் ஊர் திரும்பினார். கிருமியிடமிருந்து அந்த முறை தப்பித்தார். 1907-இல் அவருடைய மூத்த மகள் நாலு வயதில் தொண்டை நோயில் இறந்தாள். அந்தத் துக்கத்துக்கு நடுவே வந்த மருத்துவர், வந்ததுதான் வந்தேன் என்று மாலரையும் பரிசோதித்து, இதய வால்வில் பழுது இருப்பதைச் சொன்னார். கட்டிங்கன் முயல்களின் கணக்கில் பாதி அப்போதே நிறைவேறிவிட்டது.

மீதிப் பாதி நியூயார்க்கில். 1911 பிப்ரவரி 21, கார்னகி ஹால். காய்ச்சலோடு மேடையேறி நிகழ்ச்சியை நடத்தி முடித்தார். அதுதான் கடைசி. அவருடைய மருத்துவர் ஜோசஃப் ஃபிரெங்கல் சந்தேகப்பட்டு லிப்மனை அழைத்தார். லிப்மன் வந்து பார்த்தார். இதய இரைச்சல், தொட்டால் தட்டுப்படும் மண்ணீரல், கண்ணிமைக்குள் சிவப்புப் புள்ளிகள், லேசாகத் திரண்ட விரல்நுனிகள். ஹாம்பர்க்கில் ஷாட்முல்லர் எழுதிவைத்த சாயலேதான். தன்னுடைய இளம் உதவியாளர் ஜார்ஜ் பேர் என்பவரைக் கூப்பிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ஜார்ஜ் பேர் பல பத்தாண்டுகள் கழித்து, முதுமையில், நடந்ததைக் கடிதமாக எழுதிவைத்தார். மாலர் தங்கியிருந்த சவாய் ஓட்டல் அறையிலேயே கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுத்திருக்கிறார். கொஞ்சத்தை இறைச்சிச் சாறு நிறைந்த குடுவைகளில் விட்டார். மீதியை, கையோடு கொண்டுபோயிருந்த உருக்கிய அகரில் கலந்து பெட்ரி தட்டுகளில் ஊற்றினார். நாலைந்து நாள் கழித்துத் தட்டுகளில் ஏராளமான புள்ளிகள். விரிடன்ஸ்.

மாலர் உண்மையைச் சொல்லும்படி கேட்டார். சொன்னார்கள். அப்படியானால் வியன்னாவுக்குப் போய்விடுகிறேன், அங்கே சாகவேண்டும் என்றார்.

தட்டு அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். எங்கே சாவது என்று முடிவு செய்யக் கிடைத்த சில வாரங்கள். மருந்தில்லாத காலத்தில் நோயைக் கண்டறிவதற்கு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் எனக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இது போதுமான பதில்தானா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

ஏப்ரலில் கப்பலேறினார். கப்பலின் பெயர் ‘அமெரிக்கா’, ஹாம்பர்க் நிறுவனத்துடையது. பாரிஸில் ஷாந்த்மெஸ் என்ற கிருமியியல் நிபுணர் மறுபடி ரத்தம் எடுத்து வளர்த்தார். முளைத்த சங்கிலிகளின் அழகில் சொக்கிப்போய், மாலரின் மனைவி ஆல்மாவைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாராம். சாகப்போகிறவரின் மனைவியிடம் காட்டுகிறோமே என்ற நினைவு அந்த மனிதருக்கு எழவில்லை. ஆல்மா இதைப் பின்னாளில் எழுதினார். ஆய்வுக்கூடத்து ஆர்வம் எத்தனை அப்பாவித்தனமாகக் குரூரமாகிவிடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி எனக்குத் தெரியாது. மே 18 அன்று வியன்னாவில் மாலர் இறந்தார். வயது 50.

அதற்குப் பிறகும் முப்பதாண்டுக்கு மேல் இதே நிலைதான். தட்டில் பச்சை தெரிந்தால் மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு உறவினர்களிடம் பேசுவார். ஷாட்முல்லர் பேராசிரியரானார், கிருமி ஓரிடத்தில் நிலைகொண்டு அங்கிருந்து ரத்தத்துக்குள் விடாமல் இறங்கிக்கொண்டே இருப்பதுதான் செப்ஸிஸ் என்று 1914-இல் வரையறுத்தார், 1936-இல் காலமானார். தான் கண்டுபிடித்த நோயிலிருந்து மருந்தால் மீண்டு நடந்துபோன ஒருவரை அவர் பார்த்திருக்க முடியாது.

பென்சிலின் வந்தபோதும் இந்த நோய்க்குக் கதவு உடனே திறக்கவில்லை. போர்க்காலத்தில் மருந்து அரிது. 1943-இல் அமெரிக்காவில் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த சோதனைகள் தோற்றன. எனவே வால்வு நோயாளிக்கு இந்த மருந்தை வீணாக்காதீர்கள் என்று விதியே போட்டார்கள். புரூக்ளின் மருத்துவர் லியோ லோவ் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த ஃபைசர் தொழிற்சாலையிலிருந்து மருந்தைப் பெற்று, மற்றவர்கள் துணியாத அளவில், இடைவிடாமல் நாளத்தில் ஏற்றினார். முதல் ஏழு நோயாளிகள் தேறிய செய்தி 1944-இல் வெளியானது. அளவு ஏன் அத்தனை வேண்டியிருந்தது என்றால், வால்வில் பிடித்த பாசிக்குள் ரத்தநாளம் கிடையாது; வெள்ளணுக்கள் நுழைய முடியாத கோட்டை அது. மருந்து வெளியிலிருந்து ஊறி ஊறித்தான் உள்ளே போகவேண்டும். இன்றும் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம் ஊசி போடுவது இதனால்தான். அப்படியும் மருத்துவமனையிலேயே சுமார் ஐந்தில் ஒருவரை இந்த நோய் கொண்டுபோகிறது. பலருக்கு வால்வையே மாற்றவேண்டி வருகிறது.

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வரலாம். ஊசி குத்தும்போது தோலில் குடியிருக்கும் கிருமி தவறிப் பாட்டிலுக்குள் விழலாம். ஒரே ஒரு பாட்டிலில் ஏதோ முளைத்தால் அது தோலிலிருந்து வந்ததா, இதயத்திலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. சாதாரணமாகப் பல் தேய்க்கும்போதுகூடச் சில கிருமிகள் ரத்தத்தில் நுழைந்து நிமிடங்களில் அழிந்துபோகும். ஆனால் வால்வில் பாசி பிடித்திருந்தால், காலை, பகல், மாலை என்று பேதமில்லாமல் கிருமி ரத்தத்தில் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஷாட்முல்லர் 1914-இல் வரையறுத்த ‘விடாமல் இறங்குவது’ என்பதன் பொருள் இதுதான். வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு இடத்தில் குத்தி எடுத்த மூன்றிலும் ஒரே கிருமி முளைத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. எடுத்த மொத்த ரத்தம் ஐம்பது, அறுபது மில்லி. காபி டம்ளரில் பாதிகூட வராது.

நர்ஸ் இன்னொன்றையும் கேட்பார்: “வெளியில ஏதாவது ஆன்டிபயாட்டிக் போட்டீங்களா?” பலர் இல்லை என்று தலையாட்டுவார்கள். உண்மையில் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளே மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரை உள்ளே போயிருக்கும். அந்த நாலு மாத்திரை வால்விலிருக்கும் பாசியை ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் உதிரும் கிருமியை மட்டும் முளைக்கவிடாமல் செய்துவிடும். ரிப்போர்ட்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும். மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து தேர்வு செய்யவேண்டியதுதான்.

பச்சை வட்டக் கிருமியின் சொந்த ஊர் நம் வாய்தான். ஆரோக்கியமான மனிதரின் பல்லிடுக்கில் யாருக்கும் கெடுதல் இல்லாமல் வாழ்கிறது. அந்த அளவில் சாந்தம் என்ற பெயர் பொய்யில்லை. பல் பிடுங்கும்போது ரத்தத்துக்குள் வழி கிடைக்கிறது. அதனால் ஜெர்மனியில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்களும், முன்பு இந்த நோய் வந்து பிழைத்தவர்களும் பணப்பையில் ‘இதயக் கடவுச்சீட்டு’ என்ற பொருள்படும் ஒரு சிறிய அட்டை வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் இதய அறக்கட்டளை கொடுப்பது. பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்வதற்கு முன் அதை எடுத்து நீட்டினால், என்ன மருந்து, எத்தனை கிராம், எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்று அதிலேயே இருக்கும். நம் ஊரில் வால்வு மாற்றியவர்கள் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்றைய பாட்டில்களை இயந்திரம் கவனித்துக்கொள்கிறது. கிருமி பெருகினால் வெளிவிடும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து மணியடிக்கும். மாலருக்கு நாலைந்து நாள் ஆனது, இப்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள். ஆனால் மணி அடித்த பிறகு நடப்பதில் பெரிய மாற்றம் இல்லை. டெக்னீஷியன் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த அகர் தட்டில் கோடு இழுத்து, 37 டிகிரிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். மறுநாள் காலை வந்ததும் தட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, புள்ளிகளைச் சுற்றி என்ன நிறம் என்று பார்க்கிறார்.